தேடிவிட்டுக் கேட்கவும்

"...ஸ்கிரீனைப் போட்டோ புடிச்சு அனுப்புறாங்க பாய். போட்டோ. கம்ப்யூட்டர்லயே ஸ்கிரீனைப் படம் எடுக்கப் பட்டன் இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க. அதை விட்டுட்டு ஹேண்ட்போனைக் கோணலாப் புடிச்சு, நடுவுல டியூப்லைட் வெளிச்சம் பளீர்னு விழ, ஓரத்துல அவங்க கட்டைவிரல் வேற... அதுக்குக் கீழ ஒரே வரி, 'வேலை செய்யலை.' எது வேலை செய்யலை? என்னைக் கேட்டா, அந்த ரோஷினிக்கு வேலை செய்யாதது வேற லா."

சுட்டுவிரலால் தம் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார் ஞானசேகரன். எதிரில் இருந்த நூர்தீன் வாய் நிறைய பிரியாணியை மென்றுகொண்டிருந்தார். மறுமொழிக்கு அங்கே இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டின் உணவுக்கூடத்தில் மேசை பிடிப்பதே பெரும்பாடு. ஞானசேகரன் காலையிலேயே ஆங் மோ கியோவிலிருந்து இரயிலேறி வந்து, ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு இரண்டு நாற்காலிகளைக் காத்துக்கொண்டிருந்தார். உட்லண்ட்ஸில் குடியிருக்கும் நூர்தீன் மனைவியோடு லிட்டில் இந்தியா வரும் நாளை விசாரித்து, முக்கியமான தொழில்நுட்ப விஷயம் ஒன்று பேசவேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தார். நூர்தீனின் மனைவி ஹனீன் சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றில் தங்கையின் நிக்காவுக்கு வளையல் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவர் அழைக்கும்வரைதான் நூர்தீன் இங்கே இருப்பார். அதற்குள் ஞானசேகரன் ஒரே ஒன்றைக் கேட்டாக வேண்டும். நூர்தீன் நடத்தும் 'சும்மா கேளுங்க' என்னும் அரட்டைக் குழுவில் தம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

ஆனால் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத செயல். பதில் சொல்லியே வாழ்ந்தவர் அவர். ஆகவே கேட்கவேண்டியது தொண்டையில் நிற்க, வாயில் வசை வந்துகொண்டிருந்தது.

தொழிலால் அவர் மென்பொருள் எழுதுபவர். கிடங்குகளில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் நிரல் அவருடையது. அலுவலகத்துக்குப் போகவேண்டிய அவசியம் இல்லாமல் போனபிறகு, வீட்டு அறைக்குள் நாள் முழுவதும் பெட்டிகளோடு மட்டுமே உறவாடினார். மனிதர்களோடு பேசுவதற்கென்று அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவரே தொடங்கிய 'சிங்கை நிரலர் அரங்கம்.' நிரல் எழுதும் தமிழர்கள் தம் தொழிலைப் பற்றியும், வீட்டுப் பூட்டு, விளக்கு, ஏர்கான் முதலியவற்றைக் கைப்பேசியோடு இணைப்பது பற்றியும் அளவளாவும் குழு. அளவளாவியவர்கள் மற்றவர்கள். ஞானசேகரன் திருத்தினார்.

அவர்களுடைய குற்றங்களை அவர் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ரோஷினியை அடுத்து, ரித்திக் என்று ஒருவன். எந்தக் கணினிமொழியை முதலில் கற்பது என்று வாரந்தோறும் கேட்பான், இன்றுவரை ஒன்றையும் கற்றதில்லை. 'ஹாய்' என்று மட்டும் எழுதிவிட்டு, யாராவது என்னவென்று விசாரிக்கும்வரை பெண் பார்க்க வந்தவர்கள்முன் மணப்பெண் உட்கார்ந்திருப்பதைப்போல் காத்திருக்கும் ஒரு வகையினர். வெங்கட் இன்னொரு வகை. எவர் எதைக் கேட்டாலும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, அது கக்கியதை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவார். தாம் படிக்காததை அடுத்தவர் படிக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் அந்தத் துணிச்சலை ஞானசேகரனால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை.

"ஒருநாள் கேட்டேன் பாய். 'தம்பி, நீ எழுதினதுல மூணாவது வரிக்கும் அஞ்சாவது வரிக்கும் சண்டை, எது சரி?'ன்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'இருங்கண்ணே, கேட்டுச் சொல்றேன்.' கேட்டு! யாருகிட்ட... அதுகிட்டயேதான். இதுங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவர் பண்ணியது காவலனை. அது அவரே எழுதிய தானியங்கி. குழுவில் எவர் கேள்வி கேட்டாலும் காவலன் பழைய உரையாடல்களைத் துழாவும். அதே கேள்வி வேறு சொற்களிலாவது முன்பே கேட்கப்பட்டிருந்தால், 'தேடிவிட்டுக் கேட்கவும்' என்று ஒரு வரி போடும். மறுபடி கேட்டால் மறுபடி அதே வரி. மூன்றாம் முறை, கேட்டவரைக் குழுவிலிருந்து வெளியே தள்ளிவிடும். குழுத் தலைவருக்கு விலக்கு உண்டா என்று எவரோ வினவியபோது, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்று ஞானசேகரன் எழுதினார். அந்த வாசகம் அவருக்கே பிடித்துப்போய், குழுவின் முகப்பில் ஒட்டியும் வைத்தார்.

"இப்ப உங்களையே எடுத்துக்குங்களேன்... தப்பா நெனைக்காதீங்க பாய், ஒரு உதாரணத்துக்குத்தான்."

நூர்தீன் நினைக்கவில்லை. தயிர்ப்பச்சடியைப் பிரியாணியின்மேல் ஊற்றிக்கொண்டார்.

நூர்தீனுக்கு நேர்ந்தது குழுவில் அனைவரும் அறிந்ததுதான். ஒரு மாலை, கைக்குழந்தையை இடுப்பிலும் உறைந்த மீன் பையைத் தோளிலும் சுமந்துகொண்டு அவர் தம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவில் இருந்த மின்பூட்டு செத்துக் கிடந்தது. சாவித்துளை இல்லாத பூட்டு. பேட்டரி தீர்ந்தால் கதவும் சுவரும் ஒன்றுதான். அங்கேயே நின்றபடி அரங்கத்தில் கேட்டார். தேடிவிட்டுக் கேட்கவும் என்றது காவலன். ஒரு கையால் எவ்வளவு தேடமுடியுமோ அவ்வளவு தேடிவிட்டு, கேள்வியைச் சற்று விளக்கமாகக் கேட்டார். மீண்டும் அதே வரி. மூன்றாம் முறை, குழந்தை அழுகிறது, யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எழுதினார். அந்த வார்த்தை வருமுன் காவலன் அவரை வெளியேற்றியது.

"ஒன்பது வோல்ட் பேட்டரிய பூட்டுக்கு அடியில இருக்குற ரெண்டு புள்ளியில வச்சா, பூட்டுக்கு உயிர் வந்துரும், நம்பரை அழுத்தினா கதவு தொறக்கப் போகுது. பெட்டிக்கடையில கிடைக்கும். இதை நான் எழுதி வச்சு எத்தனை காலம்? மேல போனா இருக்கு. நீங்க என்னடான்னா... காவலன் அதோட வேலையத்தான் செஞ்சுச்சு. அதைக் கோவிச்சு என்ன பிரயோஜனம், சொல்லுங்க."

உதவி கேட்க வந்த இடத்தில், உதவவேண்டியவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம் என்பது அவருக்குப் புலப்படாமல் இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்குவது வண்டியோட்டிக்குத் தெரியும், நிறுத்தத்தான் தெரியவில்லை. நூர்தீன் ஓர் எலும்பை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதை ஞானசேகரன் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மேலே சென்றார்.

வீட்டிலும் அவருக்கு இதே தலைவலிதான். விளக்குகள் அனைத்தையும் கைப்பேசிக்குக் கட்டுப்படும்படி மாற்றியிருந்தார். சுவரில் உள்ள சுவிட்சை எவரேனும் அணைத்துவிட்டால் அந்த விளக்குகளுக்கு உயிர் போய்விடும். பிறகு கைப்பேசி கத்தினாலும் எரியா. ஆகவே வீட்டிலிருந்த எல்லா சுவிட்சுகளின் மேலும் பட்டையாக ஒட்டுநாடா ஒட்டி, தொடாதே என்று எழுதியும் வைத்தார். அவர் மனைவி கமலா கூடத்து விளக்கை எப்படி அணைப்பது என்று கேட்டால், சொல்லியிருக்கிறேனே என்பார். சமையலறை விளக்கை எப்படிப் போடுவது என்றால், அன்றைக்கே சொன்னேனே என்பார். இணையம் அறுந்த நாள்களில் கமலா ஹேண்ட்போன் வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கினார்.

"இப்பல்லாம் ஒரு கேள்வி கிடையாது பாய். ஒண்ணுகூடக் கேக்குறதில்லை. ஏன்னா, கத்துக்கிட்டா. கண்டிப்பா இருந்தாத்தான் ஜனங்க கத்துக்குவாங்க... என்ன, ஒரு மேசை விளக்கு வாங்கி வச்சிருக்கா. வயர்ல சுவிட்சு இருக்கும் பாருங்க, பழைய மாடல், அது. அதைத் தூக்கிக்கிட்டு ரூம் ரூமாப் போறா. எந்தக் காலத்துல இருக்காளோ."

கமலா எந்தக் காலத்தில் இருந்தாலும் வெளிச்சத்தில் இருந்தார். அந்த எண்ணம் ஞானசேகரனுக்கும் ஓரொரு சமயம் வராமல் இல்லை. வந்ததும் அதை ஒட்டுநாடாவால் மூடிவிடுவார்.

அரங்கமும் அதைப்போலவே திருந்தியது. காவலன் வந்த சில மாதங்களில் கேள்விகள் குறைந்தன. பிறகு அருகின. பிறகு நின்றேபோயின. ஞானசேகரன் மகிழ்ந்தார். நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள், ஒரு மடத்தனமான கேள்வி இல்லை. தமிழர்கள் தேடக் கற்றுக்கொண்டார்கள் என்று நிறுவன நண்பர் ஒருவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். அந்த மகிழ்ச்சி மூன்று வாரம் தாங்கியது. அதன்பின் காலையில் கண்விழித்துக் குழுவைத் திறக்கும்போது, நேற்று தாம் விட்டுவைத்த இடத்திலேயே அது நிற்பதைக் கண்டு ஏதோ நெருடியது.

"சரி, நாமளே ஏதாவது போடுவோம்னு பார்த்தேன். புதுசா வந்த ஒரு நிரல்தொகுப்பைப் பத்தி, நீளமா, படமெல்லாம் போட்டு... ராத்திரி பூரா உக்காந்து எழுதினது. ஒரு கட்டைவிரல்கூட இல்லை பாய். திட்டவாவது ஒருத்தன் வரணும்ல? அதான், ஆளுங்க இருக்காங்களான்னு தெரிஞ்சுக்கலாமேன்னு, 'யாராச்சும் இருக்கீங்களா?'ன்னு கேட்டேன். காவலனைத் தவிர ஒரு பதில் இல்லை. மறுநாளும் கேட்டேன். அதுக்கு மறுநாளும்..."

அங்கே நிறுத்தினார். அமர்ந்ததிலிருந்து அவர் பேச்சு நின்றது அப்போதுதான். நூர்தீன் தட்டிலிருந்து தலையை உயர்த்தியதும் அப்போதுதான்.

ஞானசேகரன் ஆறிப்போன கோப்பியைக் கலக்கினார். கலக்குவதற்கு அதில் சர்க்கரை இல்லை.

"சட்டம்னா சட்டம்தானே," என்றார்.

காவலன் அவரை வெளியேற்றிவிட்டது. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டவர் அவர். விலக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவரும் அவர். நூர்தீனின் மீசை ஒருகணம் அசைந்தது. ஆயினும் அவர் நாகரிகம் தெரிந்தவராதலால் அந்த அசைவைத் தண்ணீர்க் குவளைக்குள் மறைத்துக்கொண்டார்.

வெளியேற்றப்பட்டது பெரிதில்லை என்று ஞானசேகரன் விரைந்து விளக்கினார். காவலனின் நிரல் தம் கையில்தான் இருக்கிறது. ஒரு வரியை மாற்றினார், அடுத்த நிமிடமே உள்ளே போய்விட்டார். போய்ப் பார்த்தால் உள்ளே அவரும் காவலனும் இருந்தார்கள். மற்றவர்கள் பெயரளவில் இருந்தார்கள். குழுவின் ஒலியை அடைத்துவிட்டு வேறெங்கோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வேறெங்கோ எது என்பது பின்னர்தான் தெரியவந்தது. பூட்டிய கதவுக்கு வெளியே, அண்டை வீட்டார் பேட்டரி கொண்டுவரும்வரை நின்ற நேரத்தில், நூர்தீன் தொடங்கிய குழு அது. காவலன் தள்ளிவிட்டவர்கள் முதலில் அங்கே சேர்ந்தார்கள். தள்ளப்படாதவர்கள் தாமாகவே நடந்து போனார்கள்.

அந்தக் குழுவில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. சேர விரும்புபவர் தமக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்கவேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் எவருக்கும் கைகூடும் தகுதி. ஞானசேகரனுக்கு அதைப்போல் கடினமான தேர்வு வாய்த்ததில்லை. ரய்யான் என்ற புனைபெயரில் ஏற்கெனவே ஒருமுறை முயன்று பார்த்திருந்தார். ஆனால் அவர் அனுப்பிய கேள்விக்குள் விடையும் இருந்தது. விடைக்குக் கீழே, இதுகூடத் தெரியாமல் நிரல் எழுத வருகிறார்கள் என்ற கண்டனமும் இருந்தது. 'வணக்கம் ஞானசேகரன் அண்ணே' என்று மட்டும் பதில் வந்தது. கதவு திறக்கவில்லை.

இதையும் அவர் குறையாகத்தான் சொன்னார். இதென்ன நிபந்தனை, தெரியாதவனுக்குத்தான் இடம் என்றால் தெரிந்தவன் எங்கே போவான், அறிவுக்கு அபராதமா, என்று அடுக்கிக்கொண்டே போனபோது நூர்தீனின் ஹேண்ட்போன் ஒலித்தது. ஹனீன். வளையல் முடிவாகிவிட்டது. நூர்தீன் எழுந்து கைகழுவும் தொட்டியை நோக்கி நடந்தார்.

ஞானசேகரனின் பேச்சு அவர் முதுகைத் தொடர்ந்து கொஞ்சதூரம் சென்று, தட்டுகளின் ஓசையில் விழுந்தது. இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. அவர் திரும்பி வந்து பையை எடுப்பார், தலையசைப்பார், போய்விடுவார். அதன்பிறகு ஆங் மோ கியோ, அறை, பெட்டிகள், காவலன்.

நூர்தீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது ஞானசேகரன் எழுந்து நின்றிருந்தார். கேள்விதானே வேண்டும், இதோ, என்றார். தரவுத்தளம் ஒன்று நள்ளிரவில் மட்டும் தடுமாறுவது ஏன் என்று கேட்டார். கேட்ட மூச்சிலேயே, காப்புப்படி எடுக்கும் வேலை அந்நேரத்தில் ஓடுவதால்தான் என்று முடித்தார். நூர்தீன் இடவலமாகத் தலையசைத்தார். ஏர்கானைக் கைப்பேசியோடு இணைப்பதில் எந்த முறை சிறந்தது என்று அடுத்ததைத் தொடங்கினார். இரண்டாம் முறையைச் சிறந்ததென்பவன் மூடன் என்று அதற்கும் தீர்ப்பு வழங்கினார். நூர்தீன் மீண்டும் தலையசைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். மூன்றாவதாக ஒன்று வாய்வரை வந்தது. அதற்கும் விடை தெரியும் என்பது சொல்வதற்குள் தெரிந்துவிட, அதை விழுங்கினார்.

தெரியாதது என்று ஒன்று இல்லாமல் இல்லை. பல வாரங்களாக அது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் தம்மை எப்படியெல்லாம் கிழிக்கிறார்கள் என்று கற்பனை செய்து, ஒவ்வொரு கேலிக்கும் சூடான மறுமொழி ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தார். ரோஷினிக்கு ஒன்று. வெங்கட்டுக்கு மூன்று.

"பாய்," என்றார். குரல் அவருடையதுபோல் இல்லை. "அங்க... என்னைப் பத்திப் பேச்சு ஏதாச்சும் வருமா?"

 நூர்தீன் கூரையைப் பார்த்து, பொய் சொல்லக்கூடாத ஒருவர் நினைவைத் துழாவும் பாவனையில் சற்று நேரம் நின்றார். பிறகு தலையசைத்தார். இல்லை, வந்ததில்லை. அதில் கேலியும் இல்லை, ஆறுதலும் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஆயத்தமாக வைத்திருந்த மறுமொழிகள் அத்தனையையும் வைத்துக்கொண்டு ஞானசேகரன் நாற்காலியில் அமர்ந்தார். அவரைத் திட்டவும் அங்கே எவருக்கும் நேரம் இருந்ததில்லை.

நூர்தீன் ஹேண்ட்போனை எடுத்து இரண்டு முறை தொட்டார். மேசையின்மேல் கிடந்த ஞானசேகரனின் ஹேண்ட்போன் அதிர்ந்து, 'சும்மா கேளுங்க' குழுவில் அவர் சேர்க்கப்பட்டதைக் காட்டியது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் நூர்தீன் கூட்டத்தில் கலந்து, நகைக்கடைத் திசையில் போய்விட்டிருந்தார்.

குழுவில் அவரை எவரும் மாலையிட்டு வரவேற்கவில்லை. எவரோ 'வாங்க' என்றார். வேறொருவர் ஒரு பூனைப்படம் போட்டார். பேச்சு, அவர் வருமுன் எங்கே இருந்ததோ அங்கேயே தொடர்ந்தது. ரோஷினி கேட்டிருந்தார்: வீட்டைப் பெருக்கும் இயந்திரம் தினமும் மாலையில் தன் இடத்துக்குத் திரும்பாமல் கூடத்தின் நடுவில் நின்று சுற்றுகிறது. கூடவே அந்த இயந்திரத்தின் திரையைக் கோணலாக எடுத்த புகைப்படம்.

ஞானசேகரனின் பெருவிரல்கள் தாமாகவே எழுந்தன. உள்ளே இருக்கும் வரைபடத்தை அழித்துவிட்டு மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், படத்தை இப்படியா எடுப்பது, முதலில் கையேட்டைப் படிக்கும் பழக்கம் வேண்டும் என்று மளமளவென எழுதிக்கொண்டு போனார். அவர் முடிப்பதற்குள் வெங்கட் பதில் போட்டிருந்தார். மின்னேற்றும் பீடத்தைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொல்லி, வாஸ்து பார்க்கும் தம் மாமனார் கூறியதாக எழுதியிருந்தார். ஞானசேகரன் பல்லைக் கடித்தார். வெங்கட்டுக்கென்று ஒரு பத்தியைத் தனியாகச் சேர்த்தார். அதை அனுப்பப் போகையில் ரோஷினியின் செய்தி வந்து விழுந்தது.

'திருப்பி வச்சேன். நேரா வந்து உக்காந்துருச்சு. நன்றி லா.'

ஞானசேகரன் அதை இருமுறை படித்தார். இயந்திரத்துக்குத் திசை தெரியாது. வாஸ்து தெரியாது. வெங்கட்டுக்கும் ஒன்றும் தெரியாது. ஆயினும் அது வந்து உட்கார்ந்துவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து யோசித்தாலும் அதற்குக் காரணம் அவருக்குப் பிடிபடவில்லை.

தாம் எழுதியதைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை அழித்தார். உணவுக்கூடத்தின் இரைச்சலில், காலியான நாற்காலிக்கு எதிரில், வெகுநேரம் வெற்றுக்கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்.

'அது எப்படி?'

திரையின் மேல்வரியில், நான்கு பேர் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.